தீட்டாமல் வைத்த பெரும்பல் வாள்

ராசா,

வேலையால் வந்து, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றோடு படிக்கிற கடிதம் இல்லை இது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் கொழுந்துக் கூடையும், இங்கே வந்த பிறகு உன் அப்பாவின் மரம் அறுக்கிற வாள்களைத் தீட்டுகிற அரமும்தான். பேனா பிடித்து இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை, ஒரு கிழமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் மாமியாராக வரப்போகிற அந்த அம்மா கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசத்தான் வந்திருப்பார் என்று நினைத்து, கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எங்களைப் போல மலையகத்திலிருந்து ஓடிவந்த சனத்துக்குப் பெண் கொடுக்க முன்வந்த குடும்பம் அல்லவா, மரியாதையில் குறை வரக்கூடாது என்று எனக்கு உள்ளுக்குள் பதற்றம். அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட மகன்ல ஒரு குறையும் இல்லை அக்கா. பிள்ளைக்கும் நல்ல விருப்பம். எங்கட வீட்டுக்காரர் தன்ர தச்சுப் பட்டறையை மருமகனிட்டக் குடுப்பம் எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனா உங்கட மகன் மாட்டன் எண்டிட்டார். வாளைக் கண்டாலே எழும்பிப் போறார். ஏன் தம்பி எண்டு கேட்டன். 'என்ர கையாலதான் அப்பாவின்ர கண் போனது மாமி, இனி நான் வாள் தொடமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டு அழுதிட்டார். நீங்கள் ஒருக்கா அவரோட கதையுங்கோ அக்கா."

"பேசுறேங்க" என்று சொன்னேன். அவர் போன பிறகு பட்டறைக் கொட்டிலுக்குள் போய், தூள் குவியல் மேல் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருசமாக நீ கிளிநொச்சியில் கடையில் மூட்டை தூக்குகிறாய். இளந்தாரிப் பிள்ளை, அப்பனோடு வேலை செய்யப் பிடிக்காமல் போயிருக்கிறான், கொஞ்ச நாளில் புத்தி வந்து திரும்புவான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் போனாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிட்டேன், ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. நான் யோசிக்காமல் இருந்துகொண்டேன். யோசித்திருந்தால் சொல்லவேண்டி வந்திருக்கும்.

உன் அப்பாவின் கண்ணை எடுத்தது நீ மாட்டிய வாள் இல்லையடா. உன் கையும் இல்லை. அதற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்து பாதியை விழுங்கிவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

வாளைப் பற்றி முதலில் பேசவேண்டும். பேசாவிட்டால் நான் உன்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்கிறேன் என்று நினைப்பாய். வாள் பிடிக்கிறவர் உன் அப்பா என்றாலும் அதன் பல்லை அறிந்தவள் நான்தான், அது உனக்கே தெரியும். அவருக்கு மரம் என்றால் உயிர், அரம் என்றால் எரிச்சல். நாலு பல்லை அரத்தால் ராவிக் கூராக்குவதற்குள் தூக்கி எறிவார். ஒரு நாள் நான் சும்மா எடுத்து ராவிக் கொடுத்தேன். அதை மரத்தில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, கொழுந்து கிள்ளுன கையில்ல, அதான் இப்புடி ஒரே கணக்கா வருது" என்றார். அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது. நம்முடைய வட்டவாள் மேசைக்கு மாற்றி மாற்றிப் போடுகிற இரண்டு வாள் தட்டுகள் இருந்தன. ஒன்று பெரும்பல், மற்றது சிறுபல். இரண்டையும் மடியில் வைத்து ராவி ராவி, இருட்டிலும் விரலால் தடவி இது எது என்று சொல்லுவேன்.

மரம் என்பது வைக்கோல் கற்றை மாதிரி. நீளவாக்கில் போனால் தாள்களைப் பிரிக்கவேண்டும், குறுக்கே போனால் தாள்களை வெட்டவேண்டும். இரண்டும் இரண்டு வேலை, ஒரே பல் இரண்டையும் செய்யாது. நீளவாக்கில் பிளக்கிற பெரும்பல் வாளில் பல் குறைவு, ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளி. அதை நேராக ராவவேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் ஆழமாக இருக்கும், தூள் அதில் தங்கி வெளியே வந்து விழும். குறுக்கே அறுக்கிற சிறுபல் வாளில் பல் அதிகம், ஒவ்வொன்றும் கத்தி முனை. ஒன்றை இடப்பக்கம் சரித்து ராவினால் அடுத்ததை வலப்பக்கம். உன் மாமனாரின் பட்டறையில் போய் நின்றதும் நீ முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். ஆணியில் தொங்குகிற வாள் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதே, பல் எந்த வேலைக்கு ராவியிருக்கிறது என்று பார். பிறகு பல்லின் விலக்கைப் பார். ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம் கொஞ்சமாக விலகி நிற்கவேண்டும். அப்போதுதான் வாள் போகிற பாதை வாளின் தடிப்பைவிட அகலமாக இருக்கும். பச்சை வேம்புக்கு விலக்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் மரம் வாளை இறுக்கிப் பிடித்துவிடும். காய்ந்த முதிரை, பாலை மாதிரி வைர மரங்களுக்குக் குறைவாகப் போதும், ஆனால் பல் கூர்மையாக இருக்கவேண்டும். அந்த மரங்களோடு மல்லுக்கட்டினால் மெசின்தான் சாகும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். சிறுபல் வாளைப் போட்டு நீளவாக்கில் அறுத்தால் என்ன நடக்கும்? பள்ளம் சின்னது, தூள் வெளியே வராது, உள்ளேயே அடைத்துக்கொள்ளும். வாள் சூடாகும். மரம் இரண்டு பக்கமும் கருகும், புகை வரும், மெசின் முனகும். கோடு பிசகும். பிழையான வாள் செய்வது இவ்வளவுதான் ராசா. அது பலகையைக் கெடுக்கும், மனுசனுடைய பொறுமையைக் கெடுக்கும். சில வேளை பலகையைத் திருப்பி எறியும். அன்றைக்கு நம்முடைய பலகை எறியவில்லை, அது மேசையிலேயே இருந்தது. பாதி அறுபட்டு இன்றைக்கும் கொட்டிலில் இருக்கிறது.

இனி என்னுடைய கதை. நாங்கள் எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிவந்து செட்டிகுளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடிசை போட்ட அடுத்த வருசம், உனக்கு ஒன்பது வயது. உன் அப்பா வவுனியாவில் ஒரு கூரை வேலைக்குப் போயிருந்தார். உனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டியது, வாயில் வந்ததைப் பிதற்றினாய். அடுத்த நாள் ஒன்றுமில்லாத மாதிரி எழும்பி விளையாடப் போனாய். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்குத் திரும்ப நடுக்கம். இங்கே பிறந்த எவரைக் கேட்டிருந்தாலும் மலேரியா என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்கள். குளிர் மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் காய்ச்சலையே தெரியாது. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போகிறது. அது பேய் இல்லாமல் வேறு என்ன என்று நினைத்தேன்.

எங்களோடு தோட்டத்திலிருந்து வந்த சனத்தில் ஒரு கோடாங்கி இருந்தார், உடுக்கு அடித்துக் குறி சொல்லுகிறவர். அவரைக் கூட்டிவந்தேன். அவர் உன் தலைமுடியில் ஒரு கொத்தை நறுக்கி, வாசலில் நின்ற வேப்பமரத்தில் வைத்து, நாலு அங்குல ஆணி ஒன்றை அதன் மேல் அடித்து இறக்கினார். "கட்டியாச்சும்மா. இனி மரத்த விட்டு வராது. ஆணிய மட்டும் யாரும் புடுங்கக்கூடாது" என்றார். மறுநாள் உன் அப்பா வந்தார், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார், இரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள், நீ பிழைத்தாய். ஆணியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவருடைய தங்கச்சி தோட்டத்தில் வயிற்றோட்டத்தில் கிடந்தபோது வீட்டார் மருந்துக்குப் போகாமல் ஒரு கோடாங்கியை நம்பியிருந்ததில், அந்தப் பிள்ளை செத்துப்போனது. "என் வீட்டு வாசல்ல உடுக்குச் சத்தம் கேட்டுச்சுன்னா அன்னையோட நான் வெளிய போயிருவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொன்னவர். நான் எப்படிச் சொல்வேன்?

மரம் வளர்ந்தது. பட்டை ஆணியை விழுங்கி மூடிவிட்டது. ஒன்பது வருசம் கழித்து, மண்சுவர் வீட்டைக் கல்வீடாக்கியபோது, தகரக் கதவை எடுத்துவிட்டு மரக்கதவு போடவேண்டும் என்று உன் அப்பாவுக்கு ஆசை வந்தது. ஊருக்கெல்லாம் கதவு செய்துகொடுக்கிறவன் வீட்டில் தகரமா என்று கேலி செய்தார்கள், அதுவும் ஒரு காரணம். வாசல் வேம்பையே தறிப்போம் என்றார். "நிழல் மரத்த வெட்டாதீங்க" என்றேன், "காத்து வராது" என்றேன், என்னென்னவோ சொன்னேன். ஆணி என்கிற ஒரு சொல் மட்டும் வரவில்லை. தறித்துப் போட்ட பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கூலிக்கு வந்த இரண்டு பேர் பெரிய இழுப்பு வாளால் தடித்த பலகைகளாகப் பிளந்தார்கள். அப்போதும் ஒன்றும் தட்டவில்லை. அம்மன் காப்பாற்றிவிட்டாள், கழித்துப் போட்ட மேல்பட்டையோடு ஆணியும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தும் மனசு ஆறவில்லை.

அதனால்தான் நான் அந்தக் கோழை வேலையைச் செய்தேன். பலகைகளை நீளவாக்கில் அளவுக்கு அறுக்கவேண்டும் என்று உன் அப்பா பெரும்பல் வாளைத் தீட்டச் சொல்லித் தந்தார். நான் தீட்டவில்லை. அரம் தேய்ந்துபோச்சு, வவுனியாவிலிருந்து புதிது வரட்டும் என்றேன். நாளைக்கு என்றேன். கை வலிக்கிறது என்றேன். பெட்டியில் புது அரம் ஒன்று துணி சுற்றிக் கிடந்தது. நாலு நாள் இழுத்தடித்தேன். அதற்குள் ஏதாவது நடந்து, பலகை அறுக்காமலே போய்விடும் என்று என் பைத்தியக்காரப் புத்தி நம்பியது.

ஐந்தாம் நாள் காலை நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தேன். உன் அப்பா பலகையில் கோடு போட்டுக்கொண்டே, "வாள மாட்டுடா" என்று உன்னிடம் சொன்னது கேட்டது. பெரும்பல் வாள் மொட்டையாக என்னிடம் கிடந்தது. கூராக இருந்தது சிறுபல் மட்டும்தான். நீ அதை மாட்டினாய். வேறு எதை மாட்டியிருப்பாய்? தண்ணி இறைக்கிற மெசினில் பெல்ட்டைப் போட்டு ஓடவிட்டீர்கள். ஓடுகிற வாளில் பல் எது, தட்டு எது என்று யாருக்கும் தெரியாது, அவரும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் நின்று பலகையைத் தள்ளினார், நீ அந்தப் பக்கம் நின்று வாங்கினாய். சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சிறுபல்லை நீளவாக்கில் விட்டிருக்கிறார்கள் என்று. மெசின் முனகியது. புகை மணம் வந்தது. "என்னடா மொனகுது?" என்று அவர் கத்தியதும் கேட்டது. நிறுத்தச் சொல்ல எழும்பி ஓடிவந்தேன். நான் வாசல்படி இறங்கவில்லை, கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மரம் அப்படிச் சத்தம் போடாது. இரும்பு இரும்பைக் கடித்தால்தான் அந்தச் சத்தம்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். நீ மெசினை நிறுத்திவிட்டு, "அப்பா, அப்பா" என்று கதறினாய். பக்கத்து வயல்காரர் டிராக்டரைக் கொண்டுவந்தார். ஆட்கள் அவரைத் தூக்கி ஏற்றுகிற நேரம் நான் பலகையைப் பார்த்தேன். அறுபட்ட பாதை முழுக்கக் கருகலாக இருந்தது, அது முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி மின்னியது. வெட்டுப்பட்ட ஆணி. வாளில் அடுத்தடுத்து மூன்று பல் முறிந்திருந்தது. கருகல் நீ செய்தது. முறிந்த பல்லும், தெறித்த இரும்புத் துண்டும் நான் செய்தது. பெரும்பல்லைப் போட்டிருந்தாலும் அதே ஆணி அதே இடத்தில்தான் இருந்திருக்கும், அதே கண்தான் போயிருக்கும்.

டிராக்டரில் என் மடியில் அவர் தலை. நீ காலடியில் உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "தப்பான வாளப் போட்டுட்டியேடா." உன் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்தேன். ஆணி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உன்மேல் இருந்த சுமை இறங்கியிருக்கும். வலியில் துடிக்கிற மனுசனிடம் இப்போது சொல்லக்கூடாது, பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். மறுநாள் வந்து குறட்டால் ஆணியின் மிச்சத்தைப் பிடுங்கித் துணியில் முடிந்து அலுமாரிக்கு அடியில் வைத்தேன். அந்தப் 'பிறகு' இரண்டு வருசமாக வரவில்லை. நீ அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய்விட்டாய்.

கோடாங்கியைக் கூப்பிட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். பிள்ளை நடுங்கும்போது தெரிந்த வாசலைத் தட்டினேன், அவ்வளவுதான். ஆனால் மரம் தறிக்கிற அன்றைக்குச் சொல்லாததற்கும், நாலு நாள் அந்த வாளைத் தீட்டாமல் வைத்திருந்ததற்கும், டிராக்டரில் உன் முகத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்ததற்கும் உன் காலில் விழவேண்டும். தாய் பிள்ளை காலில் விழக்கூடாது என்பார்கள். விழத்தான் வேண்டும் போலிருக்கிறது.

இதை உனக்கு எழுதத் தொடங்கின அன்று மத்தியானம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சொல்லாமல் உனக்கு எழுதினால் அதுவும் ஒரு ஒளிப்புத்தானே. அவர் கொட்டில் வாசலில் வாள்பிடி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆணித் துண்டை உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோடாங்கி, முடிக்கொத்து, தீட்டாத வாள், எல்லாம். அவர் கட்டைவிரலால் ஆணியின் வெட்டுப்பட்ட முனையைத் தடவிக்கொண்டே இருந்தார். கத்துவார், என்னை வெளியே போ என்பார், அல்லது தானே போய்விடுவார் என்று நின்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு டிராக்டர்ல நான் சொன்னது அவன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க" என்றேன்.

"ரெண்டு வருசமா அதத்தான் செமந்துக்கிட்டு இருக்கானா? நான் என்னா சொன்னேன்னே எனக்கு நெனப்பில்லியே புள்ள" என்று சொல்லி, மற்றக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை பெரும்பல் வாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அரத்தையும் பக்கத்தில் வைத்தார். "தீட்டு" என்றார். அன்றைக்குத் தீட்டாமல் விட்ட அதே வாள், அப்படியே துரு ஏறிக் கிடந்தது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தீட்டினேன். ஒவ்வொரு பல்லையும் நேராக ராவி, பச்சை மரத்துக்கென்று முன்பே வைத்திருந்த கூடுதல் விலக்கைத் தட்டிக் குறைத்தேன். பலகை இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது, அதற்கு இது போதும். நான் தீட்டிய வாள்களில் இதுதான் நல்ல வாள், பெருமைக்குச் சொல்லவில்லை. அவர் வாங்கி ஒரு கண்ணால் பல் வரிசையைப் பார்த்துவிட்டு வட்டவாள் மேசையில் மாட்டிவைத்தார். மாட்டினார், ஓட்டவில்லை. "அவன் வந்து ஓட்டட்டும். பாதியில விட்டது அவன்தானே, மீதியையும் அவனே அறுக்கட்டும்" என்றார்.

அதனால் வா ராசா. பஸ் ஓடுகிற நாளாகப் பார்த்து, கல்யாணத்துக்கு ஒரு கிழமை முந்தி வா. என்மேல் கோபம் வரும், வரட்டும். கடிதத்தில் திட்டி எழுதாதே, நேரில் வந்து திட்டு, நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். திட்டி முடித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போ. அந்தப் பலகை நீங்கள் நிறுத்திய இடத்திலேயே இருக்கிறது. கதவு இல்லாமல் வீட்டில் இன்னும் அதே தகரம்தான் தொங்குகிறது, மருமகள் அதைத் தள்ளித் திறந்துகொண்டா உள்ளே வருவாள்?

பலகையில் இனி இரும்பு இல்லை. இந்தமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிற என் பேச்சை நீ நம்பவேண்டாம். உன் அப்பா நேற்று முழுக்க உளியும் சுத்தியலுமாக அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்துவிட்டார். பார்த்து முடித்து, நீ வந்து நிற்கவேண்டிய இடத்தில் கிடந்த தூளைத் தானே கூட்டி அள்ளிப்போட்டார்.

அம்மா